போடிமெட்டு ஏத்தமும் சிப்பு மாத்தின காரும்: ஒரு சின்ன வரலாறு

காரோட கம்ப்யூட்டர்ல இருக்கிற சிப்பை மாத்தினா குதிரைத்திறன் கூடும்னு சொல்ற வியாபாரத்துக்கு நாற்பது வயசு ஆகப்போகுது. அந்தச் சிப்புகளை எப்படிச் சோதிச்சாங்க, எப்படிச் சோதிக்கணும்ங்கிற கேள்விக்கும் அதே வயசுதான். இதைப் பத்தி கொஞ்ச நாளா படிச்சுக்கிட்டு வர்றேன். படிச்சதை எங்க பக்கத்து மலையான போடிமெட்டு, குரங்கணிச் சரிவுகளோட பொருத்திப் பார்த்தப்ப ஒரு விஷயம் தெளிவாச்சு. சிப்போட லாபத்தைச் சமவெளியில அளந்துடலாம். அதோட விலையை அளக்க ஒரு மலை வேணும்.

திருகாணிக் காலம்

சிப்புக்கு முன்னாடி திருகாணி இருந்தது. குரங்கணி, கொட்டக்குடி பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏத்திப் போற பழைய மஹிந்திரா ஜீப்புல கம்ப்யூட்டரே கிடையாது. டீசலை அளந்து கொடுக்கிறது ஒரு இரும்புப் பம்ப். "வண்டி ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது"ன்னு டிரைவர் சொன்னா, மெக்கானிக் அந்தப் பம்ப்புல அதிகபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கிற திருகாணியைக் கொஞ்சம் திருப்புவார். டீசல் கூடும், இழுவை கூடும். பின்னாடி கரும்புகையும் கூடும்.

இந்தப் பம்ப்பைப் பெருமளவுல செய்ய ஆரம்பிச்சது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், 1927-ல். அதோட இந்தியக் கிளையா 1951-ல் தொடங்கினதுதான் மைகோ. நம்ம ஊர்ல டீசல் பம்ப்புன்னாலே மைகோன்னு சொல்ற அளவுக்கு அது பரவிச்சு. கம்பெனியில இருந்து வரும்போது அந்தத் திருகாணிக்கு ஈய சீல் வச்சுத்தான் அனுப்புவாங்க. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம். இன்னிக்குச் சிப்புக்குள்ள போடுற பூட்டுக்கு இதுதான் தாத்தா.

சோதனைன்னு பார்த்தா, திருகாணிக் காலத்துல ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பம்ப்பைக் கழற்றி, பம்ப் சர்வீஸ் கடையில டெஸ்ட் பெஞ்ச்ல மாட்டுவாங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு அளவுக் கண்ணாடிக் குழாய். பம்ப்பைக் குறிப்பிட்ட வேகத்துல, குறிப்பிட்ட எண்ணிக்கை சுத்த விட்டு, ஒவ்வொரு குழாயிலும் எத்தனை மில்லி டீசல் விழுந்துச்சுன்னு கண்ணால பார்த்து, கம்பெனி கொடுத்த அட்டவணையோட ஒப்பிடுவாங்க. நாலு குழாயும் ஒரே மட்டத்துல நிக்கணும். என் கணக்குல இது ஒரு முழுமையான சோதனை. எதிர்பார்க்கிற விடை முன்கூட்டியே எழுதியிருக்கு, சூழ்நிலை கட்டுப்பாட்டுல இருக்கு, திரும்பச் செஞ்சா அதே விடை வரும். பெஞ்சுக்குப் போகாம ரோட்டோரத்துல திருகாணியைத் திருப்புறதுல இந்த மூணுமே இல்லை.

பெட்ரோல் பக்கத்துல இதே வேலையைக் கார்புரேட்டர் ஜெட் செஞ்சது. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்துல பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினதும் அந்தக் கார்புரேட்டர் காலத்துலதான். எல்லாருக்கும் ஒரே வகை இன்ஜின். வித்தியாசம் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கிற கையிலும், ஸ்டீயரிங் பிடிக்கிற கையிலும்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வந்த பிறகு அளவிட நல்ல இடம் கிடைச்சது. ஒரே தடம், ஒரே தூரம், கையில ஸ்டாப் வாட்ச்.

திருகாணி எண்ணாக மாறிய கதை

அதே பாஷ் நிறுவனம் 1967-ல் டி-ஜெட்ரானிக்கைக் கொண்டு வந்தது. ஃபோக்ஸ்வாகன் 1600-ல் வந்த, மின்னணுவால் பெட்ரோலைப் பீய்ச்சுற முறை அது. 1979-ல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் மோட்ரானிக் வந்தது. பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் ஒரே டிஜிட்டல் பெட்டி முடிவு செய்ய ஆரம்பிச்சது இங்கேதான்.

அந்தப் பெட்டிக்குள்ள நடக்கிறது எங்க தொழில்காரங்களுக்குப் புரியுற விஷயம்தான். ஒரு அட்டவணை. குறுக்கே இன்ஜின் சுத்துற வேகம், நெடுக்கே இன்ஜின் மேல இருக்கிற சுமை. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண். அந்த எண் சொல்ற நேரத்துல ஸ்பார்க், இன்னொரு அட்டவணை சொல்ற அளவுக்குப் பெட்ரோல். 16-க்கு 16 அட்டவணைன்னா 256 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட். அவ்வளவுதான்.

இந்த எண்களைச் சேமிச்சது ஈப்ராம்ங்கிற சிப்பு. இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் 1971-ல் கண்டுபிடிச்சது. மேல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அது வழியா புற ஊதா வெளிச்சம் காட்டினா எழுதினது அழியும். திரும்ப எழுதலாம். எண்பதுகளோட கார்கள்ல பரவலா இருந்த 27சி256 வகைச் சிப்போட மொத்தக் கொள்ளளவு 32 கிலோபைட். இந்தக் கட்டுரையைத் தமிழ்ல சேமிச்சாலே அதைத் தாண்டிடும்.

போர்ஷே 944 டர்போ மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்கள்ல இந்தச் சிப்பைக் கழற்றி வேற ஒண்ணு மாட்டலாம்னு ஆனதும் ஒரு புதுச் சந்தை உருவாச்சு. ஒரிஜினல் சிப்பைப் படிச்சு, 32 கிலோபைட்டுக்குள்ள எந்த இடம் அட்டவணைன்னு தேடி, ஸ்பார்க்கை ரெண்டு மூணு டிகிரி முன்னாடி தள்ளி, டர்போ இருந்தா அழுத்தத்தைக் கூட்டி, புதுச் சிப்புல எழுதி விக்கிறது. பிறகு ஃப்ளாஷ் மெமரி வந்தது, அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓ.பி.டி.-2 சாக்கெட் கட்டாயமாச்சு. சிப்பைக் கழற்றாமலே லேப்டாப்பில் இருந்து எழுதுற காலம் வந்தது. இன்னிக்கு "ரீமேப்"னு சொல்றது அதைத்தான்.

இந்தியாவுக்கு இது 1999, 2000-ல் மாசு விதிகளோட வந்தது. யூரோ விதிகளைக் கார்புரேட்டரால தாண்ட முடியலை. மாருதி 800-க்குக் கூட எம்.பி.எஃப்.ஐ. வந்துச்சு. நம்ம ஊர் டியூனிங் ஆட்கள் அதிகம் பேசின கார்னு எடுத்தா 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். இந்தியாவில் 150 குதிரைத்திறன். ஐரோப்பாவில் அதே பெயர்ல, அதே 1.8 லிட்டர் குடும்ப இன்ஜினோட வித்த காருக்கு 180. "அந்த முப்பது குதிரை உள்ளேயே கட்டிப் போட்டிருக்கு, அவுத்து விட்டா போதும்"ங்கிற பேச்சு இதுலேர்ந்து கிளம்பினதுதான்.

கட்டிப் போட்டது எதுக்கு?

கம்பெனிக்காரன் குதிரையை மறந்து விட்டுட்டான்னு நினைச்சா அது தப்பு. அவன் வச்சது மிச்சம். பட்ஜெட்ல அவசரத்துக்குன்னு ஒதுக்கி வைக்கிறோமே, அந்த மாதிரி. ஒரே அட்டவணை ராஜஸ்தான் வெயில்லயும் ஓடணும், ஊட்டிக் குளிர்லயும் ஓடணும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் பிஸ்டன் உடையக் கூடாது.

பெட்ரோலை எடுத்துக்குங்க. ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன். நம்ம ஊர்ல பி.எஸ். 2 காலத்துல 88, பி.எஸ். 3-ல் 91. ஆக்டேன் குறைஞ்சா, ஸ்பார்க் பத்த வச்ச தீ வந்து எட்டுறதுக்கு முன்னாடியே கலவையோட ஒரு பகுதி தானா வெடிக்கும். அதுதான் நாக்கிங். இன்ஜின் மேல ஒட்டியிருக்கிற நாக் சென்சார் அதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னாடி இழுத்துக்கும். ஸ்பார்க் நேரத்தால் கிடைச்ச லாபம் அங்கேயே கரையும். அதாவது 98 ஆக்டேனுக்கு எழுதின சிப்பை 91-ல ஓட்டினா, நீங்க காசு கொடுத்து வாங்கின எண்களைக் கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடும். இப்போ 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தாச்சு. ஆக்டேன் கூடியிருக்கு. ஆனா முழுசா எரிய பெட்ரோலுக்கு 14.7 மடங்கு காத்து வேணும்னா, இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். 2004-ல் எழுதின சிப்பு இந்தப் பெட்ரோலைக் கனவுலயும் கண்டதில்லை.

லாபத்தை அளக்கிறது

சிப்பு விக்கிறவங்க காட்டுறது டைனோ வரைபடம். காரை உருளை மேல நிறுத்தி, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, சக்கரத்துல வர்ற திறனை அளக்கிற மெஷின். நல்ல கருவிதான். ஆனா அதைப் படிக்கத் தெரியணும்.

முதல் விஷயம், திருத்தக் கணக்கு. இன்னிக்குச் சூடு, இன்னிக்குக் காத்தழுத்தத்துல வந்த அளவை ஒரு பொதுச் சூழ்நிலைக்கு மாத்திச் சொல்லணும். அமெரிக்க எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காத்துன்னு எடுத்துக்கும். பழைய ஜெர்மன் டி.ஐ.என். 70020 முறை 20 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல். கணக்குப் போட்டா ரெண்டுக்கும் நடுவுல மூணு சதவீதம் வித்தியாசம் வரும். முன்னாடி எடுத்த அளவு முதல் முறையிலும், பின்னாடி எடுத்தது ரெண்டாவது முறையிலும் இருந்தா, 150 குதிரை கார் சும்மா நிக்கும்போதே 155 ஆயிடும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒரு சிப்பால நிஜமா கிடைக்கக் கூடியதே பெரும்பாலும் அஞ்சு சதவீதம் அளவுதான்னு நினைவு வச்சுக்கிட்டா, இந்த மூணு எவ்வளவு பெருசுன்னு புரியும்.

ரெண்டாவது, வரிசை. காலையில 22 டிகிரியில ஒரு ஓட்டம், மத்தியானம் 37 டிகிரியில இன்னொரு ஓட்டம்னா காத்தோட அடர்த்தியே அஞ்சு சதவீதம் குறைஞ்சிருக்கும். அதனால பழைய சிப்பு, புதுச் சிப்பு, திரும்பப் பழைய சிப்புன்னு மூணு முறை எடுக்கணும். மூணாவது அளவு முதல் அளவோட ஒத்து வந்தாத்தான் நடுவுல வந்த வித்தியாசம் சிப்போடது. மென்பொருள்ல மாற்றத்தைத் திரும்ப எடுத்துட்டுப் பிழை திரும்ப வருதான்னு பார்ப்போமே, அதேதான். பெரும்பாலான விளம்பர வரைபடத்துல மூணாவது கோடு இருக்காது.

மூணாவது, எங்கே கூடுச்சுங்கிறது. 1,400 கிலோ கார், பத்துக்கு ஒண்ணு சரிவுல, மணிக்கு 60 கிலோமீட்டர்ல ஏறுதுன்னு வைங்க. எடையைத் தூக்க மட்டும் தேவைப்படுறது சுமார் 23 கிலோவாட், அதாவது 31 குதிரை. காத்துத் தடை, டயர் உராய்வு சேர்த்தாலும் 150-க்குப் பக்கத்துல வராது. போடிமெட்டுப் பாதையில 17 கொண்டை ஊசி வளைவு. வளைவு தாண்டி, 2,000 சுத்துல இருந்து இன்ஜின் எப்படி எழுந்திருக்குதுங்கிறதுதான் அங்க முக்கியம். 6,000 சுத்துல கூடின எட்டுக் குதிரை வரைபடத்துல அழகா இருக்கும். போடிமெட்டுல அது எட்டிப் பார்க்கவே பார்க்காது.

விலையை அளக்கிறது

இப்போ மலைக்கு வருவோம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 350 மீட்டர். போடிமெட்டு சுமார் 1,400. கீழே காத்தழுத்தம் ஏறக்குறைய 97 கிலோபாஸ்கல், மேலே 86. மேலே குளிர்ச்சி இருக்கிறதால கொஞ்சம் ஈடாகும். அப்படியும் காத்தோட அடர்த்தி பத்துல ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத கார்ல அந்தப் பத்துல ஒரு பங்கு திறன் அப்படியே போயிடும். அதாவது நீங்க சிப்புக்குக் கொடுத்த காசை மலை ஒரு மணி நேரத்துக்குள்ள வாங்கிக்கும்.

டர்போ காருக்கு நடக்கிறது இதைவிட முக்கியம். டர்போ மெலிஞ்ச காத்தையும் அமுக்கிக் கொடுத்துடும், அதனால திறன் அவ்வளவா குறையாது. ஆனா அதுக்காக அது அதிகமா உழைக்கும். ஒரு உதாரணம். கம்பெனி அட்டவணை இன்ஜினுக்கு 160 கிலோபாஸ்கல் கேட்குதுன்னு வைங்க. போடியில 97-ஐ 160 ஆக்கணும், 1.65 மடங்கு. சிப்பு 200 கேட்குது. போடிமெட்டுல 86-ஐ 200 ஆக்கணும், 2.33 மடங்கு. அமுக்கினா காத்து சூடாகும். டர்போவோட திறமை 70 சதவீதம்னு எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டா, முதல்ல சொன்ன நிலையில டர்போவை விட்டு வெளிய வர்ற காத்து சுமார் 100 டிகிரி, ரெண்டாவதுல சுமார் 140. ஏத்தத்துல வண்டி மெதுவாப் போறதால இன்டர்கூலருக்கு எதிர்க்காத்தும் குறைவு. டர்போவோட சக்கரமும் அது வடிவமைச்ச வேகத்தைத் தாண்டிச் சுத்தும்.

கம்பெனிக்காரன் இதுக்குத்தான் உயரம் கூடக் கூட அழுத்த இலக்கைக் குறைக்கிற இன்னொரு அட்டவணை வச்சிருப்பான். நல்ல டியூனர் அதைத் தொட மாட்டார், இல்லேன்னா புது இலக்குக்கு ஏத்த மாதிரி திருத்தி எழுதுவார். அவசரக்காரர் அதைத் தட்டையாக்கிடுவார். சென்னையில டைனோ மேல ரெண்டு சிப்பும் ஒரே வரைபடத்தைத்தான் காட்டும். வித்தியாசம் பதினேழாவது வளைவுலதான் தெரியும்.

சமவெளிச் சோதனையை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு 2015-ல் உலகமே பார்த்தது. ஃபோக்ஸ்வாகனோட டீசல் கார்கள்ல இருந்த மென்பொருள், தான் சோதனைக் கூட உருளை மேல இருக்கோம்னு கண்டுபிடிச்சு அப்போ மட்டும் சுத்தமா ஓடுச்சு. சுமார் 1.1 கோடி வண்டி. அது சிக்கினதுக்குக் காரணம், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் காருக்குள்ளேயே ஏத்தி ரோட்டுல ஓட்டினதுதான். அதுக்குப் பிறகு ஐரோப்பாவில் 2017 முதல் ரோட்டுச் சோதனை விதியாச்சு. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல். ஐரோப்பிய விதி 1,300 மீட்டர் உயரம் வரைதான் கேட்குது. நம்ம போடிமெட்டு அதுக்கும் மேல.

அந்த விதியெல்லாம் புதுக் காருக்கு. சிப்பு மாத்தின காரை யார் சோதிக்கிறாங்க? நம்ம ஊர்ப் புகைச் சான்றிதழ் பெட்ரோல் காரை நின்ன இடத்துலயே, சும்மா ஓடுற நிலையில அளக்குது. சிப்பு கை வைக்கிறதோ முழு ஆக்ஸிலரேட்டர் பக்கம். அதனால சான்றிதழ் சுலபமாக் கிடைச்சிடும். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட அறிக்கையில, பத்து வருஷத்துல 5,50,000-க்கு மேல டீசல் பிக்கப் வண்டிகள்ல மாசுக் கட்டுப்பாட்டை இப்படி நீக்கியிருக்காங்கன்னு கணக்குச் சொல்லுது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களை மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும்னு சொல்லுது.

ஜீப்புக்காரங்களுக்கு

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, இது பணக்காரங்க ஸ்போர்ட்ஸ் காரோட நிக்கலை. பி.எஸ். 4-க்குப் பிறகு பொலேரோவுக்கும் கம்ப்யூட்டர் வந்தாச்சு. ஒயர்ல சொருகுற "டியூனிங் பாக்ஸ்" ஆன்லைன்ல சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. டீசல் குழாய் அழுத்தத்தைச் சொல்ற சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து, "அழுத்தம் குறைவா இருக்கு"ன்னு பொய் சொல்றதுதான் அதுல பாதிக்கு மேல செய்ற வேலை. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் மலையில நின்னு போச்சுன்னா ஒரு ஆள் இறங்கி போன் பண்ணுவார். விடியக்காலையில போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறுற ஜீப்புல பத்துப் பதினஞ்சு பெண்கள் நெருக்கி உக்காந்திருக்காங்க. ஏத்தத்துல நடுவளைவுல இன்ஜின் நின்னா, பவர் ஸ்டீயரிங் கனத்துப் போகும், பிரேக்குக்கு வாக்கம் உதவி ரெண்டு மிதியில தீர்ந்து போகும். கம்பெனிக்காரன் வச்ச மிச்சம் இவங்களோடது. அதை எடுத்துச் செலவு பண்றவர் அந்த வண்டியில ஏறுறவரா இருக்கிறதில்லை.

அதனால யாராவது சிப்போ பாக்ஸோ வாங்கச் சொன்னா, எவ்வளவு கூடும்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. மூணாவது கோடு எங்கேன்னு கேளுங்க. எந்தத் திருத்தக் கணக்கு, எந்தப் பெட்ரோல்னு கேளுங்க. முழுச் சுமையோட போடிமெட்டு ஏறினப்ப ஓ.பி.டி. கருவி பதிஞ்ச உள்காத்துச் சூடும் அழுத்தமும் காட்டச் சொல்லுங்க. அந்தக் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. பழைய பம்ப் கடைக்காரர் கண்ணாடிக் குழாயைக் கையில எடுத்து வெளிச்சத்துல காட்டுவார். அந்த அளவு நேர்மையாவது வேணும்.

இதே சரிவுல இன்ஜினே இல்லாம சுமையை இறக்கின ஒரு காலமும் உண்டு. மூணார் தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து கொட்டக்குடிக்குக் கம்பிவடத்துல தொங்கிக்கிட்டே வந்துச்சு. அந்த ரோப்வே பத்தி தனியா ஒரு குறிப்பு எழுதணும். அடுத்து அதுதான்.